தள்ளிப்போட்டதை எல்லாம் இப்போது செய்யட்டும், விடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். நாலு வரி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குச் சமீபத்தில் விவாகரத்து ஆனது. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். எனக்கு மகள் முறை. பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

தீர்ப்பு வந்த இரண்டாவது வாரம் அவள் விழுப்புரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டபோதெல்லாம் "நான்தான் ஓட்டறேனே, உனக்கு எதுக்கு" என்ற பதில்தான் கிடைத்ததாம். இப்போது காலை ஆறரை மணிக்குப் போய்க் கற்றுக்கொள்கிறாள். அதோடு விட்டாளா? சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு வேறு.

உடனே நம் சொந்தங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு வளைகாப்பில் என் காதுபடவே ஒருத்தர் சொன்னார்: "கோர்ட்ல போட்ட கையெழுத்து காயல, அதுக்குள்ள ஸ்டியரிங் பிடிச்சிட்டா. வருத்தமே இல்ல போலிருக்கு." இன்னொருவர்: "இந்த வேகத்தைக் குடும்பம் நடத்தறதுல காட்டியிருக்கலாம்." மூன்றாமவர் கையோடு ஒரு ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டார். மாப்பிள்ளைக்கும் இது இரண்டாம் கல்யாணம், ஒரு பையன் இருக்கிறான், சொந்த வீடு.

இப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேர் அவள் மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் அக்கறை தப்பான திசையில் போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. என் கருத்து இதுதான்: ஒரு கல்யாணமோ காதலோ முறிந்த பிறகு, முறிந்தவர் முதலில் செய்ய வேண்டியது வேறு துணை தேடுவது கிடையாது. பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வைத்த காரியம் ஒன்றை எடுத்துச் செய்வதுதான். சுற்றியிருக்கிற நாம் செய்ய வேண்டியது, அதற்கு வழி விடுவது.

நான் சமூக அறிவியல் டீச்சர். எதையும் வருஷம் போட்டுச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. "கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே" என்று கடலூரையோ கள்ளக்குறிச்சியையோ யாரும் கேட்கவில்லை. பிரிந்த அன்றே இங்கே புது கலெக்டர் ஆபீஸ் எங்கே, புது எஸ்.பி. ஆபீஸ் எங்கே என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாவட்டத்துக்குத் தெரிகிற நியாயம் மனுஷிக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

அதே 1993-ல்தான் நானும் தனியாக வந்தேன். என் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது. உறவினர்களுக்குத் தெரியும், ஆனால் பேச மாட்டார்கள். அப்போது எனக்கு 34 வயது. காரணம் என்ன, யார் மேல் தப்பு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அவர் இன்று உயிரோடு இல்லை, பதில் சொல்ல முடியாதவரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது விழுப்புரத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு திண்டிவனத்துப் பள்ளிக்குப் போய் வந்தேன். காலையில் பாசஞ்சர் வண்டி. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பன்னிரண்டு வயதில் ஆசைப்பட்டேன், "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு" என்றார்கள். கல்யாணமான பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அந்தச் சமயத்தில் பத்திரிகைகளில் புதுக்கோட்டையைப் பற்றி நிறையச் செய்தி வந்துகொண்டிருந்தது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பள்ளிப் பாடத்திலும் வைத்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு எனக்கு ஒன்று தோன்றியது: கல் உடைத்துவிட்டு வருகிற பெண் கற்றுக்கொள்கிறாள், சாக்பீஸ் பிடிக்கிற எனக்கு என்ன கேடு?

சாயங்காலம் மணி அடித்த பிறகு, பள்ளி மைதானத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, நான் கற்றுக்கொண்டேன். பதினோரு நாள் ஆனது. முட்டியில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பெண் இன்று பாட்டியாகிவிட்டாள், இந்தப் பதிவையும் படிப்பாள். "டீச்சர், கீழ பாக்காதீங்க, தூரமா பாருங்க" என்று அன்று அவள் சொன்னது சைக்கிளுக்கு மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது எம்.ஏ. பி.ஏ., பி.எட். முடித்ததோடு நின்றிருந்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். பாடப் புத்தகத்தை ரயிலில்தான் படித்தேன். போகும்போது முக்கால் மணி நேரம், வரும்போது முக்கால் மணி நேரம். இரண்டு வருஷம். அந்தப் பட்டத்தால்தான் பிற்பாடு முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. உங்களில் பிளஸ் டூவில் என்னிடம் வரலாறு படித்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த 1993 இல்லாவிட்டால் நான் உங்கள் வகுப்புக்கே வந்திருக்க மாட்டேன்.

இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. அம்மா வீட்டில் கதவு திறந்திருந்தது. இரண்டும் இல்லாத பெண்களுக்கு இது என் கதை மாதிரி சுலபமில்லை. அவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இது என்னவோ இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய வரலாறு. ருக்மாபாய் என்று ஒரு பெண். பம்பாயில் 1864-ல் பிறந்தவர். பதினொரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. ஆனால் அவர் புகுந்த வீட்டுக்குப் போகாமல் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தார், வீட்டிலிருந்தபடியே படித்தார். 1884-ல் கணவர் வழக்குப் போட்டார், மனைவி என்னோடு வந்து வாழ வேண்டும் என்று. 1885-ல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1887-ல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது: கணவரிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில். ஜெயிலுக்குப் போகிறேன் என்றார் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண். நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. 1888-ல் கணவர் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் ருக்மாபாய் என்ன செய்தார் தெரியுமா? கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1894-ல் டாக்டர் படிப்பை முடித்து இந்தியா திரும்பி, சூரத்தில் பெண்கள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் டாக்டராக வேலை பார்த்தார். 1955-ல்தான் காலமானார். பதினொரு வயதில் நிறுத்திய படிப்பை இருபத்தைந்து வயதில் எடுத்தவர் அவர். அன்றைக்கு அவருக்கும் இதே மாதிரி யாராவது ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டி, அவரும் வாங்கியிருந்தால், சூரத்துப் பெண்களுக்கு ஒரு டாக்டர் இல்லாமல் போயிருப்பார்.

நம் தமிழ்நாட்டிலேயே சொல்ல வேண்டுமென்றால் டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் 1911-ல் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு விதித்தது சமையலறை மூலைதான். அவர் நாடகத்துக்குப் போனார். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகி அவர்தான். 1936-ல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கி, தமிழில் முதல் பெண் இயக்குநரும் ஆனார். கதையும் அவர் எழுதியதே.

வெளிநாட்டிலிருந்து ஒன்று. துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்கு அகதா கிறிஸ்டியைத் தெரியும். 1926 அவருக்கு மோசமான வருஷம். அம்மா இறந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார். அந்த டிசம்பரில் அகதா பதினொரு நாள் காணாமல் போய், போலீஸ் தேடி, பத்திரிகைகள் எல்லாம் அதையே எழுதின. 1928-ல் விவாகரத்து முடிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் ஒரு விருந்தில் பாக்தாத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ரயிலிலேயே கணிசமான தூரம் போகலாம் என்றார்கள். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மறுநாளே பழைய டிக்கெட்டை மாற்றிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டார். வயது 38.

அந்தப் பயணத்தில் ஊர் என்ற பண்டைய நகரத்தின் அகழாய்வைப் பார்த்தார். 1930-ல் மறுபடி போனபோது மேக்ஸ் மல்லோவன் என்ற தொல்லியலாளரைச் சந்தித்தார், அதே வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். 1934-ல் அந்த ரயிலை வைத்தே அவருடைய புகழ்பெற்ற நாவல் வந்தது. கவனியுங்கள். இரண்டாம் கல்யாணம் வந்தது, நல்லபடியாகவே இருந்தது. ஆனால் அவர் மாப்பிள்ளை தேடி ரயில் ஏறவில்லை. ரயிலில் போக ஆசைப்பட்டு ரயில் ஏறினார். வரிசை முக்கியம்.

சரி, தள்ளிப்போட்ட காரியத்தில் அப்படி என்ன விசேஷம்? புதிதாக ஏதாவது செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். முப்பது வருஷமாக யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இது.

கல்யாணமோ நீண்ட நாள் காதலோ, அதில் இருக்கும்போது நம்முடைய நேரம் இரண்டு பேருடையது. அது இயல்பு, அதில் குற்றமில்லை. விட்டுக்கொடுப்பதில் முதலில் போவது நம் சின்னச் சின்ன ஆசைகள்தான். "அப்புறம் பாத்துக்கலாம்." பிரிவு வரும்போது மனம் என்ன சொல்கிறது? "நான் என்பதே அவரோடு சேர்ந்துதான், இப்போது எனக்கென்று ஒன்றும் இல்லை." அந்த நேரத்தில் பழைய ஆசை ஒன்றை நினைத்துப் பார்த்தால், அது அந்த மனிதர் வாழ்க்கையில் வருவதற்கு முன்பே இருந்தது என்று தெரியும். சைக்கிள் ஆசை எனக்கு வந்தபோது என் வயது பன்னிரண்டு. அவரை எனக்கு யாரென்றே தெரியாது. அப்படியானால் அவருக்கு முன்னால் நான் என்று ஒருத்தி இருந்தாள்தானே? அவளைத் தேடிப் பிடிக்க வழி அந்த ஆசைதான்.

இரண்டாவது, முடிவெடுக்கிற பழக்கம். வழக்கு நடக்கும்போது நம்மைச் சுற்றி எல்லோரும் முடிவெடுப்பார்கள். அப்பா, அண்ணன், வக்கீல், ஜட்ஜ். நாம் கையெழுத்துப் போடுவோம். எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்பது சின்ன முடிவுதான். ஆனால் நாமே எடுக்கிறோம். தப்பானாலும் நட்டம் சின்னது. சின்ன முடிவு எடுத்துப் பழகியவர்தான் பெரிய முடிவை மற்றவர்கள் தள்ளிவிடாமல் எடுப்பார். அவசர அவசரமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு மறுபடி அதே கோர்ட் வாசலில் நிற்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, புது மனிதர்கள். டைப்ரைட்டிங் வகுப்பில் உங்கள் கதை யாருக்கும் தெரியாது. அங்கே கேட்கிற ஒரே கேள்வி, இடது கை சுண்டுவிரல் 'ஏ' மேல் இருக்கிறதா என்பதுதான். நம் பெண் சொன்னாள்: "அங்க நான் டிவோர்ஸ் ஆனவ இல்ல பெரியம்மா, ஸ்பீடு பத்தாத ஸ்டூடன்ட்." இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

சட்டத்திலேயே இதற்கு ஒரு இடைவெளி இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. சம்மதப் பிரிவுக்கான 13-பி என்ற பிரிவை 1976-ல் சேர்த்தார்கள். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேர வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல பேர் அந்த ஆறு மாதத்தையும் செல்போனைப் பார்த்துக்கொண்டு, அவர் என்ன ஸ்டேட்டஸ் வைத்தார் என்று தேடிக்கொண்டு கழிக்கிறார்கள். ஆறு மாதத்தில் டைப்ரைட்டிங் லோயர் எழுதலாம். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை. அரசுத் தேர்வு. பாஸ் செய்தால் சான்றிதழ் கையில். ஓட்டுநர் உரிமம் என்றால் எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். அந்த எல்.எல்.ஆர்.கூட ஆறு மாதம்தான் செல்லும்!

இனி உங்கள் ஆட்சேபணைகள்.

"வருத்தமே இல்லையா?" வருத்தம் இருக்கிறது. கிளட்சை விடும்போது அழுகை வருகிறது என்று நம் பெண் சொன்னாள். அழுதுகொண்டே ஓட்டுகிறாள். மூலையில் உட்கார்ந்து அழுதால்தான் அழுகை என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? சாவு வீட்டிலும் பதினாறு நாளைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பிரிவுக்கு மட்டும் ஆயுசு முழுக்கத் துக்கம் காக்கச் சொன்னால் எப்படி?

"குழந்தை இருக்கே?" குழந்தைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பார்க்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் பரீட்சைக்குப் படிக்கிற அம்மாவையோ அப்பாவையோ பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, விழுந்தால் எழுந்திருக்கலாம் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்களே, நீங்கள் உதவ நினைத்தால் இங்கே உதவுங்கள்.

"காசு?" நியாயமான கேள்வி. கையில் காசில்லாதவர்களிடம் பாக்தாத் போ என்று சொல்ல நான் பைத்தியமில்லை. நம் ஊரில் இருப்பதைச் சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், அதற்கும் முன்னால் நின்றவர்கள், தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம். 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கலாம். கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் உண்டு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் குரூப் 'சி' வேலைகளுக்கு, விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்களுக்கு 35 வயது வரை சலுகை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 40. இரண்டாம் கல்யாணத்துக்கு அவசரப்படுத்தும் முன் இந்த வயதுக் கணக்கையும் பாருங்கள்.

வழக்கு நடத்தக் காசில்லாத பெண்களுக்கு ஒன்று: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. வீட்டில் அடி உதை என்றால் பொழுதுபோக்கு வகுப்பு எல்லாம் அப்புறம். முதலில் 181-க்குப் போன் செய்யுங்கள், அல்லது எனக்குச் செய்யுங்கள்.

இப்போது ஆண் பிள்ளைகளுக்கு. நீங்கள் சிரித்துக்கொண்டே படிப்பது தெரிகிறது. 1953-ல் 'தேவதாஸ்' படம் வந்த காலத்திலிருந்து, காதல் முறிந்தால் தாடியும் பாட்டிலும்தான் என்று சினிமா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. பெண்கள் அழுதால் தேற்ற நாலு பேர் வருகிறார்கள். பையன்கள் அழக்கூடாது, ஆனால் குடித்தால் "பாவம், லவ் ஃபெயிலியர்" என்று பரிதாபப்படுகிறோம். இது உங்களுக்கு நாங்கள் செய்கிற அநியாயம்.

என் மாணவன் ஒருவன், செஞ்சிப் பக்கம். ஆறு வருஷக் காதல், பெண் வீட்டில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் குடித்தான். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோது, "பத்தாவதுல டூர் கூட்டிட்டுப் போனீங்களே டீச்சர், ராஜகிரி உச்சிக்கு ஏறாம பாதியிலயே கூட்டிட்டு வந்துட்டீங்க. நான் இன்னும் மேல போனதே இல்ல" என்றான். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மலை. "போடா, போய் ஏறிட்டு வந்து சொல்லு" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற ஆரம்பித்தான். கிட்டத்தட்ட 800 அடி உயரம். சனிக்கிழமை ராத்திரி குடித்தால் ஞாயிறு காலை ஏற முடியாது. அதனால் சனிக்கிழமைக் குடி நின்றது. பிறகு மற்ற நாளும் குறைந்தது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அன்று எனக்கு முதல் போன் அவனிடமிருந்துதான். "டீச்சர், நம்ம மலை!" என்றான். அந்தப் பெண்ணை மறந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. மறப்பது எதற்கு? நினைவு இருக்கட்டும், அதன் கீழேயே படுத்திருக்காமல் எழுந்தால் போதும்.

எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு, முன்னாள் டீச்சராக நாலு யோசனை. கிழமையும் மணியும் குறித்த காரியமாக எடுங்கள், 'தோன்றும்போது செய்யலாம்' என்பது நடக்காது. கையோ காலோ அசைகிற காரியமாக இருக்கட்டும், வெறுமனே உட்கார்ந்து செய்வதென்றால் மனம் பழைய இடத்துக்கே ஓடும். மூன்று மாதம், ஆறு மாதத்தில் ஒரு முடிவு தெரிய வேண்டும், தேர்வோ, லைசென்ஸோ, தைத்து முடித்த ஒரு ரவிக்கையோ. கடைசியாக, அவருக்குக் காட்டுவதற்காகச் செய்யாதீர்கள். "நான் எப்படி இருக்கேன் பாரு" என்று போட்டோ போடுவதற்காகச் செய்தால், அவர் லைக் போட்டாரா என்று பார்ப்பதிலேயே பொழுது போகும்.

பெரிதாக எதுவும் தோன்றவில்லையா? பக்கத்தில் இருப்பதைப் போய்ப் பாருங்கள். எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. அந்தப் பாடத்தை வருஷா வருஷம் நடத்திய நான், விழுப்புரத்திலேயே இருந்துகொண்டு அந்தக் கோயிலுக்கு முதல் தடவை போனது 1994-ல்தான். தனியாகப் போனேன். பிரகாரத்தில் தனியாக உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, தனியாக இருப்பதும் அனாதையாக இருப்பதும் ஒன்றில்லை என்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இது மருந்தில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் வகுப்பில் சேர்ந்து சரிசெய்ய முடியாது. 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது போலப் போங்கள்.

உறவினர்களுக்கு என் கோரிக்கை மூன்றுதான். ஒரு வருஷத்துக்கு அந்தப் பெண்ணிடம் ஜாதகம் நீட்டாதீர்கள். விசேஷத்தில் பார்த்தால் "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்காமல், "வண்டி எந்த கியர் வரைக்கும் வந்திருக்கு" என்று கேளுங்கள். அவள் வகுப்புக்குப் போகிற நேரத்தில் அவள் வீட்டு வேலை ஒன்றைச் சத்தமில்லாமல் செய்து கொடுங்கள். இரண்டாம் கல்யாணம் வேண்டுமென்றால் அவளே கேட்பாள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து தேடலாம், நானே முதல் ஆளாக வருகிறேன்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம்: நீங்கள் தள்ளிப்போட்டு வைத்திருக்கிற ஒரு காரியத்தைக் கீழே எழுதுங்கள். பிரிந்தவர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை, சேர்ந்து சந்தோஷமாக இருப்பவர்களும் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிண்டல் செய்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்
விழுப்புரம்